ஆழத்தில் ஒரு பிடி: லைனர் ஹேங்கரும் அதைப் பொருத்தும் கருவியும்

எண்ணெய்க் கிணறு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இறங்கும் துளை அன்று. ஒரு குறிப்பிட்ட ஆழம்வரை அகன்ற துளையிட்டு, அதற்குள் எஃகுக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளியைச் சிமென்டால் அடைத்த பிறகு, அந்தக் குழாய்க்குள் நுழையக்கூடிய சிறிய துரப்பண முனையைக் கொண்டு அடுத்த பகுதி தோண்டப்படுகிறது. அதற்கும் குழாய் இறக்கப்படுகிறது. இவ்வாறு மூன்று நான்கு கட்டங்களாகவும், கடினமான கிணறுகளில் அதற்கும் கூடுதலான கட்டங்களாகவும் துளை குறுகிக்கொண்டே செல்கிறது. துளையின் சுவரைக் காக்கும் இந்தக் குழாய்த்தொடர் உறைக்குழாய் எனப்படும். துரப்பணக் களத்தில் அதற்குக் கேசிங் என்றே பெயர். இத்தனை கட்டங்கள் தேவைப்படுவதற்குக் காரணம் பாறை அடுக்குகளின் வேறுபட்ட அழுத்தம். துளையை நிரப்பியிருக்கும் துரப்பணச் சேறு, பாறைக்குள் அடைபட்டிருக்கும் எண்ணெயும் எரிவாயுவும் உப்புநீரும் துளைக்குள் பாய்ந்துவிடாதபடி தன் எடையால் தடுத்து நிற்கிறது. ஆனால் ஆழத்திலுள்ள உயர் அழுத்த அடுக்கை அடக்கப் போதுமான அடர்த்தி கொண்ட சேறு, மேலேயுள்ள வலுவற்ற அடுக்கைப் பிளந்துகொண்டு அதற்குள் வடிந்துவிடக்கூடும். ஆகவே மேல் அடுக்கை எஃகால் மூடிய பின்னரே கீழ் அடுக்குக்கு ஏற்ற கனமான சேற்றைக் கொண்டு தோண்ட முடிகிறது.

ஒவ்வொரு கட்டத்து உறைக்குழாயும் தரைமட்டம்வரை நீள வேண்டும் என்பதில்லை. கடைசிக் கட்டத்திலோ, அதற்கு முந்திய கட்டத்திலோ இறக்கப்படும் குழாய், முந்திய உறைக்குழாயின் அடிப்பகுதிக்குள் சற்றே நுழைந்து அங்கேயே தொங்கினால் போதும்; அதற்கு மேலே ஏற்கெனவே ஓர் எஃகுச் சுவர் இருக்கிறது. இவ்வாறு தரைவரை வராமல், முந்திய குழாயைப் பற்றிக்கொண்டு தொங்கும் குறுங்குழாய்த்தொடருக்கு லைனர் என்று பெயர். 9⅝ அங்குல உறைக்குழாய் 2,850 மீட்டர்வரை இறக்கப்பட்ட ஒரு கிணறு 3,500 மீட்டர் ஆழம்வரை தோண்டப்பட்டிருப்பதாக வைத்துக்கொண்டால், 7 அங்குல லைனரின் தலை 2,700 மீட்டரில் அமைந்து, 150 மீட்டர் நீளத்துக்கு இரு குழாய்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மீட்டருக்கு ஏறத்தாழ 43 கிலோ எடையுள்ள 7 அங்குலக் குழாயைத் தரையிலிருந்து அடிவரை இறக்குவதானால் 151 டன் எஃகு வேண்டும். லைனராக இறக்கினால் 800 மீட்டருக்கு 35 டன்னுக்குள் முடிந்துவிடும். பணமும் நேரமும் மிச்சமாவதோடு, லைனருக்கு மேலே கிணற்றின் அகலம் குறையாமல் இருப்பதால் பிற்பாடு பெரிய உற்பத்திக் குழாயையும் பம்புகளையும் இறக்க இடம் கிடைக்கிறது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. தரைவரை வரும் உறைக்குழாயைக் கிணற்றுத் தலையில், கண்ணெதிரே, கையால் தொட்டுப் பார்த்துப் பொருத்தலாம். லைனரையோ மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், சேறு நிறைந்த இருட்டில், 100 பாகைக்கு மேல் சூடேறக்கூடிய இடத்தில் தொங்கவிட்டு, அது தொங்கிவிட்டது என்பதை உறுதிசெய்து, இறக்கிய கருவியை அதிலிருந்து கழற்றி, அக்கருவியின் வழியாகவே சிமென்டையும் செலுத்தி, லைனரின் தலையை அடைத்து, கருவியை மட்டும் முழுதாக மேலே கொண்டுவர வேண்டும். லைனரின் தலையில் அமைந்து அதன் எடையைத் தாங்கும் பொறியமைப்பு லைனர் ஹேங்கர். அதைக் கிணற்றுக்குள் கொண்டுசென்று பொருத்தி மீளும் கருவி செட்டிங் டூல் எனவும் ரன்னிங் டூல் எனவும் வழங்கும். ஹேங்கர் கிணற்றோடு தங்கிவிடும். கருவி திரும்பி வந்து, பழுதுபார்க்கப்பட்டு, அடுத்த கிணற்றுக்குப் போகும்.

தரையிலுள்ள துரப்பணக் குழுவுக்கும் ஆழத்திலுள்ள கருவிக்கும் இடையே இருப்பது ஒரு நீண்ட துரப்பணக் குழாயும் அதற்குள் நிரம்பிய சேறுமே. எனவே கருவிக்குக் கட்டளையிடும் வழிகள் மிகச் சில: குழாயை உயர்த்தலாம் அல்லது தாழ்த்தலாம், சுழற்றலாம், பம்பால் உள்ளே அழுத்தம் கொடுக்கலாம், ஒரு பந்தையோ அடைப்பானையோ உள்ளே போடலாம். பதில் வரும் வழிகளும் அவ்வளவே: எடைமானி காட்டும் எடை, அழுத்தமானி காட்டும் அழுத்தம், சுழற்ற எடுத்துக்கொண்ட விசை, பம்பு செலுத்திய சேற்றின் அளவு. இத்தனை குறைந்த சொற்களைக் கொண்டு ஐந்தாறு வெவ்வேறு செயல்களை, ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று தொடங்கும்படி நடத்திக்காட்டுவதுதான் செட்டிங் டூலை வடிவமைப்பவரின் கலை. அதற்கு அவர் நம்பியிருக்கும் முதன்மையான உறுப்பு, விந்தையாகத் தோன்றினாலும், முறிவதற்கென்றே செய்யப்பட்ட சிறு ஊசிகளும் திருகுகளும்தான். ஷியர் பின் எனப்படும் இவை பித்தளையாலோ எஃகாலோ ஆனவை. குறிப்பிட்ட விசை வரும்வரை இரண்டு பகுதிகளை அசையவிடாமல் பிணைத்திருந்து, அந்த விசை வந்ததும் குறுக்கே அறுந்து வழிவிடுபவை. எத்தனை ஊசிகள் செருகப்பட்டிருக்கின்றன என்பதைக் கொண்டே எந்த அழுத்தத்தில் எந்தச் செயல் நடக்கும் என்பது பணிமனையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

ஹேங்கர்களில் காலத்தால் முந்தியது இயந்திர வகை. அதன் உடலில் வெளிப்புறமாக வளைந்த வில் எஃகுத் தகடுகள் உறைக்குழாயின் உட்சுவரை உரசிக்கொண்டே இறங்கும். குறித்த ஆழம் வந்ததும் குழாயைச் சற்று உயர்த்தி, கால்வட்டமளவு சுழற்றித் தாழ்த்தினால், உடலிலுள்ள கோணலான பள்ளத்துக்குள் ஒரு முளை இடம்மாறி, பற்கள் விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். எளிமையான, செலவு குறைந்த இந்த முறை செங்குத்தான கிணறுகளில் நன்றாகவே பயன்பட்டது. இன்றும் சில இடங்களில் பயன்படுகிறது. ஆனால் கிணறுகள் சாயத் தொடங்கியதும் அதன் எல்லை தெரியவந்தது. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் உள்ள விட்ச் ஃபார்ம் எண்ணெய் வயலில், கடலுக்கு அடியிலுள்ள எண்ணெயைக் கரையிலிருந்தே எட்டுவதற்காகத் தோண்டப்பட்ட எம்-11 என்னும் கிணறு, 1998-இல் பக்கவாட்டில் 10 கிலோமீட்டருக்கு மேல் சென்றது. அதன் செங்குத்து ஆழமோ ஏறத்தாழ 1,600 மீட்டர்தான். இத்தகைய துளையில் குழாய் தன் நீளத்தின் பெரும்பகுதியில் பக்கச் சுவரின்மேல் கிடக்கிறது. மேலே ஒரு சுற்றுச் சுற்றினால் கீழ்முனையில் அது எவ்வளவு வந்து சேரும் என்பதையோ, மேலே ஒரு மீட்டர் உயர்த்தினால் கீழ்முனை அசையுமா என்பதையோ உராய்வே தீர்மானிக்கிறது. அழுத்தத்துக்கு அந்தத் தடை இல்லை. குழாய் எப்படி வளைந்தாலும் உள்ளேயுள்ள திரவத்தின் வழியாக அது முனைவரை குறையாமல் போய்ச் சேரும். ஹைட்ராலிக் ஹேங்கர் பரவலானதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

ஹைட்ராலிக் ஹேங்கரின் உடல் லைனரின் ஒரு பகுதியாகவே திருகி இணைக்கப்படும் தடித்த எஃகுக் குழாய். அதன் வெளிப்புறத்தில், கீழ்நோக்கிக் குறுகும் சரிவுகொண்ட கூம்பு அமைந்திருக்கும். கூம்புக்குக் கீழே, ஸ்லிப் எனப்படும் பற்கள் வெட்டிய எஃகுத் துண்டுகள் உடலைச் சுற்றி வரிசையாக ஒடுங்கிக் கிடக்கும். அவற்றுக்கும் கீழே, உடலையே உள்சுவராகக் கொண்ட வளைய உருளையும் அதற்குள் ஒரு பிஸ்டனும் உண்டு. உடலில் துளைத்த ஒரு சிறு துவாரம் லைனரின் உட்பகுதியை இந்த உருளையோடு இணைக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறும்போது பிஸ்டன் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, ஷியர் திருகுகளை அறுத்து, ஸ்லிப்புகளைக் கூம்பின் சரிவின்மேல் ஏற்றுகிறது. சரிவில் ஏறிய ஸ்லிப்புகள் வெளிநோக்கி விரிந்து உறைக்குழாயின் சுவரைத் தொடுகின்றன. அதற்கு மேல் பிஸ்டனுக்கு வேலை இல்லை. லைனரைச் சற்றே தாழ்த்தியதும், அதன் எடை கூம்பைக் கீழ்நோக்கி இழுத்து ஸ்லிப்புகளுக்குள் இறுக்குகிறது. மண்வெட்டிக் காம்பில் அடித்த ஆப்பு வேலை செய்யச் செய்ய இறுகுவதுபோல, எடை கூடக்கூடப் பிடியும் கூடுகிறது. பிஸ்டனின் வளையப் பரப்பு 30 சதுர சென்டிமீட்டராகவும் அழுத்தம் 100 பாராகவும் இருந்தால் கிடைக்கும் விசை ஏறக்குறைய 3 டன் மட்டுமே. ஒரு பார் என்பது கடல்மட்டத்தில் வளிமண்டலம் தரும் அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமம். மூன்று டன் விசையால் முப்பது டன் லைனரைத் தாங்க முடியாது. தாங்குவது லைனரின் சொந்த எடைதான், பிஸ்டன் அந்தப் பிடியைத் தொடங்கிவைக்க மட்டும் செய்கிறது.

ஆப்பின் இந்தக் குணமே வடிவமைப்பாளருக்குக் கவலையும் தருகிறது. சரிவு சிறிதாக இருந்தால், கீழ்நோக்கிய எடையைப் போலப் பல மடங்கு விசை பக்கவாட்டில் செயல்படும். வெளியே உறைக்குழாய் உப்பும், உள்ளே ஹேங்கரின் உடல் நசுங்கும். விசையைச் சுற்றளவு முழுவதும் பரப்ப ஸ்லிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டினால், அவற்றுக்கிடையே சேறும் சிமென்டும் மேலேறிச் செல்வதற்கான வழி அடைபடுகிறது. 9⅝ அங்குல உறைக்குழாயில் வழக்கமாகப் பயன்படும் கனத்த வகையின் உள்விட்டம் 220 மில்லிமீட்டர். 210 மில்லிமீட்டர் ஹேங்கரை அதற்குள் இறக்கினால் ஒவ்வொரு பக்கமும் எஞ்சுவது 5 மில்லிமீட்டர். எடை, திரவம் செல்லும் வழி, சுவரின் வலிமை ஆகிய மூன்றுக்கும் இந்த ஐந்து மில்லிமீட்டருக்குள் இடம் காண வேண்டியிருக்கிறது. லைனரை இறக்கும் வேகத்துக்கும் இதனால் வரம்பு விழுகிறது. அவசரமாக இறக்கினால், ஒதுங்க வழியில்லாத சேறு கீழேயுள்ள பாறையை அழுத்திப் பிளந்துவிடும்.

மேலே சொன்ன 100 பார் அழுத்தம் எதை விட 100 பார் அதிகம் என்று கேட்டுக்கொள்வது அவசியம். 2,700 மீட்டர் ஆழத்தில், நீரைப் போல 1.25 மடங்கு அடர்த்தியுள்ள சேற்றின் எடையே 330 பார் அழுத்தத்தைத் தருகிறது. ஆனால் அந்த அழுத்தம் குழாயின் உள்ளும் புறமும் ஒரே அளவில் இருப்பதால் பிஸ்டன் அதை உணர்வதே இல்லை. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே அதை அசைக்கும். ஹைட்ராலிக் ஹேங்கரின் பலவீனமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. லைனரை இறக்கும் வழியில் துளையைச் சுத்தப்படுத்தச் சேற்றைச் சுழற்றியாக வேண்டும். அப்போது ஹேங்கருக்குக் கீழே லைனரின் உள்ளே இறங்கி, அடியில் திரும்பி, வெளியே ஏறிவரும் சேறு வழியில் இழக்கும் அழுத்தம் முழுவதும் ஹேங்கரில் வேறுபாடாகத் தென்படும். சாதாரணமாக இது ஷியர் திருகுகளை அறுக்கப் போதாது. ஆனால் பாறைத்தூள் வெளி இடைவெளியில் அடைத்துக்கொண்டால் அழுத்தம் திடீரென்று ஏறி, குறித்த ஆழத்தை அடையும் முன்பே ஹேங்கர் பற்றிக்கொள்ளும். ஸ்லிப்புகள் கீழ்நோக்கிய நகர்வைத் தடுப்பவை என்பதால், அத்தகைய நிலையில் லைனரை உயர்த்திப் பார்க்கலாமே தவிர மேற்கொண்டு இறக்குவது அரிது. இந்த அபாயத்தைத் தவிர்க்கவே, எதிரெதிரே செயல்படும் இரு பிஸ்டன்களால் அழுத்தத்தைச் சமன்செய்து, தனிக் கட்டளை வரும்வரை அசையாதிருக்கும் ஹேங்கர்கள் பின்னர் உருவாயின.

சேறு தடையின்றிச் சுழலும்வரை ஹேங்கரை இயக்கும் அழுத்தம் உருவாகாது. கீழ்வழியை எங்காவது அடைத்தாக வேண்டும். அதற்காக, கருவிக்குச் சற்றுக் கீழேயோ லைனரின் அடியை ஒட்டியோ, குறுகிய வாய்கொண்ட இருக்கை ஒன்று அமைக்கப்படுகிறது. மேலிருந்து துரப்பணக் குழாய்க்குள் போடப்படும் ஒரு பந்து அதில் அமர்ந்து வழியை மூடுகிறது. பித்தளை, அலுமினியம், கடினப் பிசின் ஆகியவற்றில் ஒன்றால் செய்யப்படும் இப்பந்து உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுடையது. செங்குத்தான கிணற்றில் அது தன் எடையால் சேற்றுக்குள் இறங்கும்; கிடைமட்டத்தை நெருங்கும் கிணற்றில் சேற்றோடு சேர்த்துத் தள்ளினால்தான் போகும். 5 அங்குலத் துரப்பணக் குழாய் மீட்டருக்கு 9 லிட்டருக்குச் சற்று அதிகமான சேற்றைக் கொள்ளும் என்பதால், 2,700 மீட்டருக்கு 25,000 லிட்டர் ஆகிறது; நிமிடத்துக்கு 500 லிட்டர் வீதம் செலுத்தினாலும் பந்து வந்துசேர 50 நிமிடம் பிடிக்கும். வேகமாகத் தள்ளவும் கூடாது: முழு வேகத்தில் வரும் பந்து இருக்கையில் மோதும் கணத்தில் எழும் அழுத்த அதிர்வு, படிப்படியாக நடக்க வேண்டிய செயல்களை ஒரே அடியில் நடத்திவிடக்கூடும். அதனால் கணக்கிட்ட அளவு நெருங்கும்போது பம்பின் வேகம் குறைக்கப்படுகிறது. அழுத்தமானியின் முள் மெல்ல எழத் தொடங்குவதுதான் பந்து அமர்ந்ததற்கான அடையாளம்.

இனி அழுத்தம் படிப்படியாக ஏற்றப்படுகிறது. ஏதேனும் ஒரு கிணற்றில் 80 முதல் 120 பாருக்குள் ஹேங்கரின் திருகுகள் அறுந்து ஸ்லிப்புகள் விரியும்படியும், 160 பாருக்கு அருகில் கருவி லைனரிலிருந்து விடுபடும்படியும், 200 பாருக்கு மேல் பந்தின் இருக்கையே அறுந்து கீழே விழுந்து வழி மீண்டும் திறக்கும்படியும் ஊசிகள் அமைக்கப்பட்டிருக்கலாம். எண்கள் கிணற்றுக்குக் கிணறு மாறும். படிகளுக்கிடையே போதிய இடைவெளி இருக்க வேண்டும் என்பது மாறாது. ஊசிகள் துல்லியமாகக் குறித்த விசையில் அறுவதில்லை, சில விழுக்காடு முன்பின்னாகவே அறுகின்றன. வெப்பத்தால் அவற்றின் வலிமையும் குறையும். ஆகவே இரண்டு படிகள் நெருங்கியிருந்தால் ஹேங்கர் பற்றுவதற்கு முன்பே கருவி கழன்று, லைனர் கிணற்றடிக்கு விழுந்துவிட இடமுண்டு.

முதற்படி முடிந்ததும் குழு செய்வது பிடியைச் சோதிப்பது. எடுத்துக்காட்டுக் கிணற்றின் 35 டன் லைனர், சேற்றில் மிதப்பதால் ஏறத்தாழ 29 டன்னாகவே எடைமானியில் தெரியும். அந்த 29 டன் தொங்குவதால் 2,700 மீட்டர் துரப்பணக் குழாய் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நீண்டிருக்கும்; எஃகு நீளும் என்பதை மறந்தவருக்கு இந்தக் கட்டம் விளங்காது. குழாயைத் தாழ்த்தத் தொடங்கினால், ஹேங்கர் பற்றியிருக்கும் பட்சத்தில், கீழ்முனை அசையாமலேயே மேல்முனை அந்த ஒரு மீட்டர் இறங்கும். இறங்க இறங்க எடைமானி 29 டன்னைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டே வரும். பற்றாத நிலையில் குழாய் இறங்கும், ஆனால் எடை குறையாது. இந்த எளிய கணக்குத்தான் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் கீழே நடந்ததைத் தரையில் தெரிவிக்கிறது. தொங்கியது உறுதியானதும், கருவியின் எடையையும் குழாயின் எடையில் ஒரு பங்கையும் லைனரின்மேல் சாய்த்துவைத்து, அழுத்தம் அடுத்த படிக்கு ஏற்றப்படுகிறது.

கருவி லைனரைப் பிடித்திருப்பது விரல்களைப் போன்ற எஃகுத் தகடுகளால். அவற்றின் நுனிகள் லைனரின் தலையிலுள்ள பள்ளத்தில் பதிந்திருக்க, உள்ளிருந்து ஒரு வளையம் அவற்றை ஒடுங்கவிடாமல் தாங்கியிருக்கும். அழுத்தம் அந்த வளையத்தை நகர்த்தியதும் விரல்கள் ஆதரவிழந்து ஒடுங்க, கருவி விடுபடுகிறது. அழுத்தத்தால் விடுபடாவிட்டால் இன்னொரு வழி கருவிக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். குழாயைக் கால்வட்டமளவு இடப்புறம் திருப்பி விசை கொடுத்தால் சில ஊசிகள் அறுந்து வளையம் நகரும்படி ஒரு வகையும், வலப்புறமாகப் பல சுற்றுகள் சுற்றினால் ஓர் இடமுறைத் திருகு கழன்றுவிடும்படி மற்றொரு வகையும் உண்டு. இரண்டாவதில் திருகை இடமுறையாக வெட்டியதற்குத் தக்க காரணம் இருக்கிறது: துரப்பணக் குழாயின் எல்லா இணைப்புகளும் வலமுறைத் திருகுகள், இடப்புறமாகப் பல சுற்றுச் சுற்றினால் கருவி கழல்வதற்கு முன் குழாயே எங்காவது நடுவில் கழன்றுவிடும்.

கருவி விடுபட்டதா என்பதை அறிவதுதான் இப்பணியிலேயே மிகவும் நெருடலான இடம். குழாயைச் சற்று உயர்த்தும்போது லைனரின் 29 டன் எடைமானியில் காணாமல் போயிருந்தால் விடுபட்டது என்று பொருள். ஆனால் லைனர் குட்டையாக, ஐந்தாறு டன் மட்டுமே எடையுள்ளதாக இருந்து, கிணறு வளைந்திருப்பதால் குழாயின் உராய்வே பதினைந்து டன்னாக இருக்குமானால், அந்த ஐந்து டன் இருக்கிறதா போய்விட்டதா என்று எந்த மானியும் சொல்லாது. முன்கூட்டியே ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் எடையைக் குறித்துவைத்து, உயர்த்தும்போது எடை எந்த இடத்தில் ஏறுவதை நிறுத்துகிறது என்று ஒப்பிட்டு, குழுவினர் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். முடிவு தவறினால் வரும் கேடு சிறிதல்ல. விடுபடாத கருவியின் வழியே சிமென்ட் செலுத்தப்பட்டு, அது மேலேறி இறுகிவிட்டால், கருவியோடு துரப்பணக் குழாயின் கீழ்ப்பகுதியும் கிணற்றுக்குள் புதைந்துவிடும். இதனாலேயே முதலில் தொங்கவிடுதல், பிறகு விடுவித்தல், அதன் பின்னரே சிமென்டிடுதல் என்னும் வரிசை பெரும்பாலான ஹைட்ராலிக் ஹேங்கர் பணிகளில் கடைப்பிடிக்கப்படுகிறது.

விடுபட்ட கருவி உடனே வெளியேறுவதில்லை. சிமென்ட் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கருவியின் கீழ்ப்பகுதியில் அமைந்த அடைப்பு, கருவிக்கும் லைனருக்கும் இடையே சிமென்ட் கசிந்து மேலேறாமல் காக்கிறது. பம்பின் அழுத்தம் இந்த அடைப்பைக் கீழிருந்து தள்ளிக் கருவியையே லைனருக்கு வெளியே உந்தப் பார்க்கும். அந்த உந்துதல் பல டன் ஆகலாம் என்பதால், அதற்கு ஈடான குழாய் எடை தொடர்ந்து கருவியின்மேல் சாய்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். சிமென்ட் முழுவதும் செலுத்தப்பட்டதும் அதன் பின்னால், டார்ட் எனப்படும் ரப்பர் இதழ்கள் கொண்ட ஓர் அடைப்பான் துரப்பணக் குழாய்க்குள் அனுப்பப்படுகிறது. துரப்பணக் குழாய் குறுகலானது, லைனர் அகலமானது. ஒரே அடைப்பான் இரண்டையும் வழித்துத் துடைக்க முடியாது. இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு நயமானது: லைனரின் அகலத்துக்கேற்ற பெரிய அடைப்பான் ஒன்று, நடுவில் துளையோடு, கருவியின் அடியில் முன்னரே ஊசிகளால் மாட்டப்பட்டிருக்கும், டார்ட் வந்து அந்தத் துளையில் அமர்ந்து பூட்டிக்கொண்டதும், ஊசிகள் அறுந்து இரண்டும் ஒன்றாக லைனருக்குள் இறங்கிச் சிமென்டை முன்னே தள்ளிச் செல்லும். சிமென்டையும் சேற்றையும் கலக்காமல் பிரித்துத் தள்ளும் அடைப்பான்களை 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் ஆல்மண்ட் பெர்கின்ஸ் புகுத்தினார். லைனரின் இரட்டை அடைப்பான் அந்தச் சிந்தனையின் நீட்சியே.

சிமென்ட் வெளி இடைவெளியில் ஏறி லைனரின் தலையைத் தாண்டியதும் எஞ்சுவது, இரு உறைக்குழாய்களுக்கும் இடையிலுள்ள வாயை ரப்பரால் அடைப்பது. பேக்கர் எனப்படும் இந்த வளைய அடைப்பு, மேலிருந்து நசுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நசுக்குவதற்குத் துரப்பணக் குழாயின் எடை பயன்படுகிறது. கருவியில், சுருள்வில்லால் வெளிநோக்கித் தள்ளப்படும் சில எஃகுக் கட்டைகள் உண்டு. லைனரின் தலையில் சில மீட்டர் நீளத்துக்கு வழவழப்பாக்கப்பட்ட கிண்ணம் போன்ற பகுதிக்குள் கருவி இருக்கும்வரை அதன் சுவர் இக்கட்டைகளை ஒடுக்கியே வைத்திருக்கும். கருவியை அந்தச் சில மீட்டர் உயர்த்தி வெளியே எடுத்த கணமே கட்டைகள் விரிகின்றன. மறுபடி தாழ்த்தினால் உள்ளே நுழைய முடியாமல் கிண்ணத்தின் விளிம்பில் அமர்கின்றன. அதன்பின் சாய்க்கப்படும் இருபது முப்பது டன் எடை முழுவதும் விளிம்பின் வழியாகப் பேக்கருக்குள் இறங்கி அதை நசுக்குகிறது. ஒரே மேல்கீழ் அசைவு, இதற்கு முன் செய்யாத ஒரு வேலையை இப்போது செய்கிறது. கட்டைகள் எங்கே இருக்கின்றன என்பதே வேறுபாடு. இதன் பின்னர், லைனரின் தலைக்கு மேலே தேங்கிய மிகைச் சிமென்ட், சேற்றை எதிர்த்திசையில் செலுத்தி வெளியேற்றப்பட்டு, கருவி உருவப்படுகிறது. தரைக்கு வந்த கருவியைக் கழுவியதும் முதலில் பார்க்கப்படுவது ஊசிகள்: எவை அறுந்தன, எவை அறாமல் இருக்கின்றன, கட்டைகளின் அடிப்புறத்தில் எடை அழுந்திய தழும்பு இருக்கிறதா என்பவை.

லைனரின் தலையில் அமையும் இந்த அடைப்பு எவ்வளவு இன்றியமையாதது என்ற விவாதம் 2010-இல் உலகறியப் பேசப்பட்டது. மெக்சிகோ வளைகுடாவில் 18,360 அடி ஆழத்துக்குத் தோண்டப்பட்ட மக்காண்டோ கிணற்றின் கடைசிக் கட்டத்துக்கு, லைனரை இறக்கிப் பின்னர் அதன் தலையிலிருந்து கிணற்றுத் தலைவரை இணைப்புக் குழாய் போடுவதா, கிணற்றுத் தலையிலிருந்து அடிவரை ஒரே தொடராக இறக்குவதா என்ற இரண்டு வழிகளையும் எண்ணிப் பார்த்த பி.பி. நிறுவனம், ஒரே தொடரைத் தேர்ந்தது. ஏப்ரல் 20 அன்று கிணறு வெடித்து, துரப்பண மேடையில் 11 பேர் இறந்தனர். லைனரைத் தேர்ந்திருந்தால் அதன் தலையில் இன்னுமொரு தடை இருந்திருக்கும் என்று அப்போது பலர் வாதிட்டனர். அமெரிக்க அதிபர் அமைத்த தேசிய ஆணையமோ, ஒரே தொடரைத் தேர்ந்தது நல்ல சிமென்டிடலைக் கடினமாக்கியது என்று சொன்னதேயன்றி, அதுவே வெடிப்புக்கு நேரடிக் காரணம் என்று தீர்மானிக்கவில்லை. எரிவாயு வெளி இடைவெளி வழியாக வராமல், குழாயின் அடியிலிருந்து உட்புறமாகவே ஏறியது என்பதைச் சான்றுகள் காட்டின. லைனரின் தலையும் சிமென்டும் சேர்ந்து தடுத்து நிற்க வேண்டியவை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது என்பது துறைக்குள் ஏற்கெனவே தெரிந்ததுதான். அதனால்தான் கருவியை உருவிய பின், கனமான சேற்றுக்குப் பதிலாக இலேசான திரவத்தைக் கிணற்றில் நிரப்பி உள்ளழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து, லைனரின் தலை வழியாக ஏதேனும் உள்ளே கசிகிறதா என்று மணிக்கணக்கில் கவனிக்கும் சோதனை நடத்தப்படுகிறது. சோதனையை நடத்துவது எளிது, அதன் முடிவைச் சரியாக வாசிப்பது எளிதன்று என்பதற்கும் மக்காண்டோவே சான்று. அங்கே இவ்வகைச் சோதனையின் அறிகுறிகள் தவறாகவே வாசிக்கப்பட்டன.

ஸ்லிப், கூம்பு, உருளை, துவாரம், தனிப் பேக்கர் என இத்தனை உறுப்புகளில் ஒவ்வொன்றும் கசிவதற்கோ சிக்குவதற்கோ ஓர் இடம். 1990-களில் ஷெல் நிறுவனம், எஃகுக் குழாயைக் கிணற்றுக்குள்ளேயே அகலப்படுத்தும் முறையை வளர்த்தெடுத்ததைத் தொடர்ந்து, ஹேங்கரிலும் அந்த வழி புகுந்தது. விரிவடையும் ஹேங்கர் என்பது வெளிப்புறத்தில் ரப்பர் பட்டைகள் ஒட்டிய, துவாரமில்லாத ஒரு வெறுங்குழாய். செட்டிங் டூலுக்குள் இருக்கும் கடினமான கூம்பொன்று ஹைட்ராலிக் அழுத்தத்தால் அதன் ஊடாகத் தள்ளப்படும்போது குழாய் நிரந்தரமாக விரிந்து, ரப்பர் பட்டைகளை உறைக்குழாயின் சுவரில் நசுக்கிப் பதித்து, எடையைத் தாங்கும் பிடியாகவும் கசிவைத் தடுக்கும் அடைப்பாகவும் ஒருங்கே ஆகிவிடுகிறது. விரிவதற்கு முன் வெளிப்புறம் வழுவழுப்பாக இருப்பதால் லைனரைச் சுழற்றிக்கொண்டே இறக்கலாம், சிமென்டிடும்போதும் சுழற்றலாம், பற்றக்கூடிய ஸ்லிப் எதுவும் இல்லாததால் வழியில் தவறிப் பற்றிக்கொள்ளும் அச்சமும் நீங்குகிறது. ஆனால் இங்கே வரிசை தலைகீழாகிறது: சிமென்ட் செலுத்திய பின்னரே ஹேங்கர் விரிக்கப்படுகிறது, அதுவரை லைனரின் முழு எடையும் கருவியிலேயே தொங்குகிறது, விரிக்கும் வேலை பாதியில் நின்றால், இறுகிக்கொண்டிருக்கும் சிமென்ட் அதைச் சரிசெய்ய அதிக அவகாசம் தராது. ஒருமுறை விரிந்த எஃகை மீண்டும் ஒடுக்கவும் வழியில்லை. ஏதோ காரணத்தால் அந்த ஹேங்கரை அகற்றியே ஆக வேண்டுமென்றால், அரவைக் கருவியை இறக்கி அதை அங்குலம் அங்குலமாகச் சீவி எடுக்க வேண்டும்.